சிலந்திப்பேன்: இலைக்கு அடியில் ஒரு குடித்தனம், அதைக் காலிசெய்ய இரண்டு வாரம்

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பைகளில் கத்தரி வைத்திருந்தேன். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டியிருந்த இரண்டு செடிகளில் மட்டும் இலை வெளிறத் தொடங்கியது. யாரோ ரவையைத் தூவிவிட்டுப் போனது போல மேல்பக்கமெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. சத்துக் குறைவு என்று நானே முடிவுகட்டி, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். புள்ளி பெருகியது. அப்புறம் ஓர் உரக்கடையில் இலையைக் காட்டினேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் அடித்தேன். இரண்டு வாரத்தில் ஒன்பது செடிகளில் நூலாம்படை கட்டிவிட்டது.

நான் செய்த இரண்டு வேலையுமே சிலந்திப்பேனுக்குத்தான் உதவியிருக்கின்றன என்பது பிற்பாடுதான் புரிந்தது. அதே தப்பை நீங்களும் செய்யாமல் இருக்க, எதை எந்த நாளில் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். கத்தரி, வெண்டை, அவரை, ரோஜா, மல்லிகை, செண்டுமல்லி, பப்பாளி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிவகைகளில் இது உட்காரும். எந்தச் செடியாக இருந்தாலும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள்

சிலந்திப்பேன் பூச்சி கிடையாது. எட்டுக் கால், இறக்கை இல்லை. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். பூச்சிக்கென்று செய்த மருந்து பலவும் இதனிடம் பலிக்காததற்கு இது ஒரு காரணம். முழு வளர்ச்சியில்கூட அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. கண்ணுக்கு மிளகாய்த்தூளில் ஒரு துகள் போலத் தெரியும், அவ்வளவுதான்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி. மாடித்தோட்டத்துக்கு நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். அடி இலை ஒன்றைப் பறித்து, கவிழ்த்து வைத்து, நடு நரம்பும் கிளை நரம்பும் பிரிகிற மூலையில் லென்ஸைப் பிடியுங்கள். வெளிறிய உடம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்புத் திட்டோடு மெல்ல ஊரும் ஒன்று தெரிந்தால் அது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன். உடம்பு முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தால் அதன் பங்காளியான சிவப்புச் சிலந்திப்பேன். சுற்றிலும் வேகவைத்த ஜவ்வரிசியை அணு அணுவாகச் சிறிதாக்கியது போலக் கண்ணாடி உருண்டைகள் கிடக்கும், அவை முட்டைகள். வெள்ளையாகக் கசங்கிக் கிடப்பவை உரித்துப்போட்ட தோல்கள். ஒரே நரம்பு மூலையில் பாட்டியிலிருந்து பேத்திவரை குடித்தனம் நடத்துவதை முதன்முறை பார்த்தபோது, கோபத்தை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லென்ஸ் இல்லையென்றால் வெள்ளைத்தாள் போதும். சந்தேகப்படும் கிளைக்கு அடியில் தாளைப் பிடித்து, கிளையை நான்கு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி நடந்தால் பேன். விரலால் தேய்த்தால் பச்சையாகவோ செம்மண் நிறத்திலோ கோடு விழும்.

இலை வெளிறுவதற்கெல்லாம் பேனே காரணம் என்றும் சொல்ல முடியாது. இலைப்பேன் (த்ரிப்ஸ் என்கிற சின்னப் பூச்சி, இது வேறு) சுரண்டிய இலையில் வெள்ளிப் பூச்சு போலப் பட்டை பட்டையாகத் தெரியும், கூடவே கறுப்பு எச்சப் புள்ளிகளும் இருக்கும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாகவே இருக்க, நடுவில் உள்ள சதை மட்டும் சீராக மஞ்சளாகும், புள்ளி இருக்காது. மிளகாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மிளகாய் இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கவிழ்த்த ஓடம் போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேன் என்கிற வேறொரு சாதி. அது இதைவிடவும் பொடிசு, நூல் கட்டாது, கொழுந்தில் உட்காரும்.

முதல் மழை விழுந்ததும் செம்மண்ணில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு ஊருமே, தம்பலப்பூச்சி? சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது அதுதான். அதுவும் எட்டுக் கால் பேன் கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆனால் செடியைத் தொடாது. சிவப்பாக இருக்கிறதே என்று பயந்து அதன்மேல் எதையும் அடித்துவிடாதீர்கள்.

ஏன் ஒரு தடவை அடித்தால் போகாது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் வந்த இரண்டு இளம் பருவங்கள், அப்புறம் தாய்ப்பேன். ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் கிடந்து தோலை உரிக்கும். முப்பது டிகிரியை ஒட்டிய வெயிலில் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து தாய்ப்பேன் ஆக ஏழிலிருந்து பத்து நாள் போதும். இருபது டிகிரிக் குளிரில் இதே வேலைக்கு ஏறத்தாழ இரு மடங்கு நாளாகும். மார்கழியில் இருந்த இடம் தெரியாதவை சித்திரையில் தலைவிரித்து ஆடுவது இதனால்தான்.

தாய்ப்பேன் ஒன்று தன் ஆயுளில் நூறு முட்டைவரை இடும். பிறப்பதில் முக்கால்வாசி பெண். எல்லாம் பிழைத்தால் ஒன்று எழுபத்தைந்தாகும்; அந்த எழுபத்தைந்தும் அதே கணக்கில் பெருக்கினால் ஐயாயிரத்தைத் தாண்டும். ஒரு மாதத்துக்குள் நடக்கிற வேலை இது. அதோடு ஆண் சேராவிட்டாலும் முட்டையிடும். அப்படி இட்டதில் பொரிவது எல்லாமே ஆண். ஆக, தப்பித்த ஒற்றைப் பெண்ணே பழைய ஊரைத் திரும்பக் கட்டிவிடும்.

நாம் அடிக்கிற வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ பேனின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். முட்டைகள் பெரும்பகுதி தப்பித்துவிடும். இன்று அடிக்கிறீர்கள், ஊர்வதெல்லாம் சாகிறது, செடி சுத்தமாகத் தெரிகிறது, நிம்மதியாக மறந்துவிடுகிறீர்கள். மூன்றாம் நாள் முட்டை பொரிகிறது. பத்தாம் நாள் அந்தக் குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கும். அந்த இடைவெளிக்குள், குஞ்சு தாயாவதற்கு முன்பு அடுத்த தடவை அடிக்க வேண்டும். "வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை" என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளியில் என்பதுதான். பெரும்பாலும் ஒரே தடவை அடித்திருப்பார். அதுவும் இலைக்கு மேல்பக்கம்.

முதல் நாள் காலை: பிரி, வெட்டு, தண்ணீர் அடி

மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில், புள்ளி விழுந்த பைகளை மற்றவற்றிலிருந்து ஒரு கை தூரத்துக்காவது நகர்த்துங்கள். ஒரு செடியின் இலை அடுத்த செடியின் இலையைத் தொட்டால் அது பேனுக்குப் பாலம். இறக்கை இல்லாவிட்டாலும் நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து போகும். உங்கள் சட்டைக் கையில் ஏறியும் போகும். அதனால் நல்ல செடிகளுக்கு முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, நோயாளியிடம் கடைசியில் போங்கள்.

அடுத்தது கத்திரிக்கோல். பாதிக்கு மேல் வெளிறிய இலைகளையும், நூல் கட்டிய நுனிகளையும் வெட்டி எடுங்கள். ஆனால் ஒரே நாளில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொட்டையடிக்காதீர்கள். கோடையில் செடி தாங்காது. வெட்டியதை அந்த இடத்திலேயே பாலிதீன் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் ஒருநாள் கிடத்துங்கள். பைக்குள் வெந்துவிடும். கம்போஸ்ட் தொட்டியில் போட்டால் நீங்களே அவற்றுக்கு வாடகை இல்லாமல் வீடு கொடுத்த மாதிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் கல்மனசு வேண்டும். மூன்று மாதம் காய்த்து முடித்த வெண்டையில் நூல் கட்டியிருந்தால் வைத்தியம் பார்க்காதீர்கள், பிடுங்கிவிடுங்கள். கத்தரி அப்படியில்லை. வயதான கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்த்துக் காய்க்கும். மூன்றில் ஒரு பங்கு என்று மேலே சொன்ன கணக்கு இப்படி அடியோடு கவாத்துப் பண்ணுவதற்குப் பொருந்தாது. அதை வெயில் தணிந்த பருவத்தில் செய்யலாம். ரோஜாவை இந்த வெயிலில் அடியோடு வெட்டாதீர்கள். மொட்டைச் சுற்றி நூல் கட்டிய கிளை நுனிகளை மட்டும் எடுங்கள்.

இனி தண்ணீர். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்; பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஹோஸ் முனையில் விரலை வைத்து அழுத்தியோ, நாசில் மாட்டியோ, இலையின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாகப் பீய்ச்சுங்கள். ஒரு கையால் இலையை ஏந்திக்கொண்டு அடித்தால் கிழியாது. நூல், முட்டை, பேன் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். கீழே விழுந்த பேன் திரும்ப ஏறுவது சிரமம். சின்னப் பையாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி வேறு: மண்ணை ஒரு பழைய துணியால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டி, பையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, இலைகளைத் திருப்பித் திருப்பிக் கழுவுவது. குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவது போலத்தான். பையில் தண்ணீர் நிரம்பி வேர் அழுகுமோ என்ற பயமும் இல்லை.

காலை எட்டு மணிக்குள் இதை முடித்துவிடுங்கள். இலை காய நேரம் கிடைக்கும்.

இரண்டாம் நாள் மாலை: முதல் வேப்பெண்ணெய்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அதாவது ஒரு டீஸ்பூன். கடையில் தலைக்குத் தேய்க்கவென்று வாசனை சேர்த்து விற்பது வேண்டாம். செக்கில் ஆட்டிய கசப்பு எண்ணெய் வேண்டும். வயல்களுக்கு லிட்டருக்கு இருபது, முப்பது மில்லிவரை சொல்வார்கள். நம் மாடி வெயிலில், பைச்செடிக்கு அந்த அளவு இலையைக் கருக்கிவிடும். கோடையில் ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதுதான் புதியவர்கள் சறுக்கும் இடம். முதலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கரையுங்கள். லிட்டருக்கு இரண்டு கிராம் போதும். அதில் எண்ணெயை விட்டு, மூடி போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்குங்கள். மோர் நிறம் வந்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய்கூட மிதக்காமல் இருந்தால்தான் மீதித் தண்ணீரில் சேர்க்க வேண்டும். மிதக்கிற எண்ணெய் எந்த இலையில் விழுகிறதோ அந்த இடம் பொசுங்கும். துணி துவைக்கும் பவுடரை இதற்குப் போடாதீர்கள், அது இலைக்கு ஆகாது. கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மிச்சம் வைத்தால் வீரியம் போய்விடும்.

எல்லாச் செடியிலும் அடிப்பதற்கு முன்னால் முந்தின மாலை ஒரு செடியில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து வையுங்கள். மறுநாள் கருகாமல் இருந்தால் தாராளமாகத் தொடரலாம். முதல் நாள் மாலை அந்த வேலைக்குத்தான்.

சூரியன் இறங்கியபின் அடியுங்கள். வேம்பில் உள்ள மருந்துச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும். அதோடு எண்ணெய் பூசிய இலை வெயிலில் வெந்துபோகும். திருச்சி வெயில் நாற்பதைத் தொடும் நாட்களில் இன்னொன்றும் செய்கிறேன். மறுநாள் விடியற்காலை, வெயில் ஏறுவதற்குள், நல்ல தண்ணீரால் இலையை லேசாக அலசிவிடுகிறேன். ராத்திரி முழுக்க எண்ணெய் தன் வேலையைச் செய்திருக்கும்.

இரண்டு லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர் போதும். வாங்கும்போது நாசில் திரும்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். நாசில் வானத்தைப் பார்க்க, உங்கள் கை செடியின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனைந்து சொட்டும்வரை அடியுங்கள். மேல்பக்கம் கடைசியில், பேருக்கு. நான் முதல் தடவை நின்றபடி மேலிருந்து அடித்தேன். செடி முழுக்கப் பளபளத்தது, பார்க்க அழகாக இருந்தது. அடிப்பக்கத்தில் குடையின் கீழ் உட்கார்ந்திருப்பது போல ஒரு பேனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வேப்பெண்ணெய் கிடைக்காத இடத்தில் வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புச் சேர்த்து மாலையில் அடிக்கலாம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலைப் பலர் மெச்சுகிறார்கள். நான் அடித்த நாளில் பேனைவிட என் கண்தான் அதிகம் எரிந்தது. உங்களுக்கு வாய்த்தால் சரி.

ஆறாம் நாள், பத்தாம் நாள்

நடுவில் வரும் நாட்களில் காலையில் தண்ணீர் பீய்ச்சுவது மட்டும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை. ஆறாம் நாள் மாலை இரண்டாவது வேப்பெண்ணெய், பத்தாம் நாள் மாலை மூன்றாவது. காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்து மூன்று நாள் தள்ளிப்போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தை, மாசியில் வந்தால் இடைவெளியை ஏழு நாளாக்கிக்கொள்ளலாம்.

ஆறாம் நாள் பலருக்குக் கை தளரும், ஏனென்றால் இலையில் புள்ளி அப்படியே இருக்கும். அது போகாது. பேன் வாயில் உள்ள ஊசியைக் குத்தி, ஒவ்வொரு உயிரணுவாக உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டது; காலியான உயிரணு திரும்பப் பச்சையாவதில்லை. பழைய இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதிதாக விரிகிற இலை புள்ளியில்லாமல் வருகிறதா என்று பாருங்கள்.

பதின்மூன்றாம் நாள் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். ஒரு செடிக்கு ஒன்றிரண்டு விழுந்தால் தண்ணீர் மட்டும் தொடரலாம். பத்து, பதினைந்து விழுந்தால் இன்னும் இரண்டு தடவை வேப்பெண்ணெய் தேவை.

பறிக்கிற காய் இருந்தால் மூன்று நாள் விட்டுப் பறித்து, நன்றாகக் கழுவுங்கள். கீரைக்கு வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். கசப்பு கூட்டு வரைக்கும் வரும்.

கந்தகம், கடைமருந்து

நனையும் கந்தகத்தூள் சிலந்திப்பேனுக்குப் பழைய, நல்ல மருந்து. லிட்டருக்கு இரண்டு கிராம். ரோஜாவின் சாம்பல் நோயையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நிபந்தனை. வெயில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் இலை கருகும். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகமோ, கந்தகம் அடித்து இரண்டு வாரத்துக்குள் எண்ணெயோ அடித்தாலும் கருகும். ஆக, பேன் ஆடுகிற சித்திரை, வைகாசியில் நமக்கு இது உதவாது. ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாகல், பீர்க்கன், பூசணி வகைக் கொடிகள் பலவும் கந்தகத்தைத் தாங்காது. அடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

இப்போது என் இமிடாகுளோபிரிட் கதைக்கு வருகிறேன். அது அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறுறிஞ்சும் பூச்சிக்கானது. சிலந்திப்பேனைக் கொல்லாது. ஆனால் பேனைத் தின்னும் பொறிவண்டையும் மற்றவற்றையும் பதம்பார்க்கும். போலீஸை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்த மாதிரி. செயற்கைப் பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த பிறகும் பேன் பெருகுவது இப்படித்தான். முதலில் நான் ஊற்றிய புண்ணாக்குத் தண்ணீரும் சும்மா போகவில்லை. தழைச்சத்து ஏறிய இளம் இலை பேனுக்கு விருந்து. அதைத் தின்கிற பேன் அதிகம் முட்டையிடும். சிலந்திப்பேன் இருக்கும்வரை புண்ணாக்கு, யூரியா இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

பேனுக்கென்றே உள்ள மருந்துகளும் கடையில் உண்டு: ஸ்பைரோமெசிஃபென், ஃபெனசாகுவின், புரோபர்கைட் என்று. வீட்டுக்குக் காய் பறிக்கிற பத்துப் பைக்கு நான் இவற்றைத் தொடுவதில்லை. பூச்செடிக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால், பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவு, பயிர், காத்திருக்கும் நாள் மூன்றையும் படித்தபின் அடியுங்கள். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே போகும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். தலைமுறை சீக்கிரம் மாறுவதால், மருந்துக்குப் பழகிக்கொள்வதில் இதை மிஞ்ச ஆளில்லை. டைகோஃபால் என்ற பழைய பேன் மருந்து பரணில் கிடந்தால் எடுத்து அடித்துவிடாதீர்கள். 2023-இல் இந்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது.

மறுபடி வராமல் இருக்க

எங்கே தொடங்கியது என்று கவனியுங்கள். என் மாடியில் மேற்குச் சுவரோரம். சாயங்காலம்வரை சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும் இடம். நண்பர் ஒருவர் வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டி ஊதும் அனல் நேராகப் படும் ரோஜாவில் தொடங்கியது. சூடு, வறட்சி, தூசி மூன்றும் சேர்ந்த மூலையில்தான் இது முதலில் குடியேறும். அந்த மூலையில் பை வைக்காதீர்கள், அல்லது நிழல்வலை கட்டுங்கள். மாலையில் தரையில் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் ஏற்றுங்கள். செடியை வாடவிட்டு ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

நர்சரியிலிருந்து புதுச் செடி வந்தால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். எவ்வளவு அழகான ரோஜாவாக இருந்தாலும் சரி. வெள்ளை ஈக்கு மாட்டும் மஞ்சள் அட்டையை இதற்கு நம்பாதீர்கள், பறக்காததை அது எப்படிப் பிடிக்கும்?

தோழர்களையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கடுகைவிடச் சிறிய, பளபளப்பான கறுப்புப் பொறிவண்டு ஒன்று உண்டு. பேன்தான் அதன் சாப்பாடே. இலையில் மெல்லிய காம்பு நட்டு அதன் உச்சியில் ஒரு முட்டை வைத்தது போல இருந்தால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது, துடைத்துவிடாதீர்கள். பேனைத் தின்னும் பேனும் உண்டு. ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில்களில் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்களே, அந்த இரைவிழுங்கிப் பேன் 1958-இல் சிலி நாட்டு ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த கூட்டம். நம் கோடை வறட்சி அதற்கு ஒத்துவராது. இங்கே நம்மூர்ச் சாதிகள்தான் தானாக வர வேண்டும். வருவதற்கு நாம் மருந்தைக் குறைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மூன்றாம் வாரம் மேற்குப் பைகளில் மறுபடி புள்ளி விழுந்தது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டபின் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பப்பாளி எங்கள் சுவருக்கு மேல் சாய்ந்து நின்றது. அதன் அடி இலைகள் எல்லாம் வெளிறி, அடியில் நூல். சுவரோரம் நின்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எம் பப்பாளிக்கு என்ன தம்பி, நல்லாத்தானே காய்க்குது?" என்றார்.

லென்ஸைக் கொடுத்து ஓர் இலையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அய்ய, நடக்குது!" என்று இலையைக் கீழே போட்டார். மறுநாள் காலை அவரே ஹோஸை இழுத்து வந்து பிடிக்க, நான் அடி இலைகளை அரிவாளால் இறக்கினேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காலண்டர், அதே ஆறாம் நாள், பத்தாம் நாள்.

பதின்மூன்றாம் நாள் தாளில் தட்டியபோது மூன்று துகள் விழுந்தன. இரண்டு மெல்ல ஊர்ந்தன. மூன்றாவது, பேரிக்காய் வடிவில், தாளில் அங்கும் இங்குமாக விறுவிறுவென்று ஓடியது. லென்ஸில் பார்த்தேன், அது இரைவிழுங்கி. தாளை அப்படியே கத்தரி இலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டு, ஸ்பிரேயரைக் கழுவிப் பரணில் வைத்தேன்.